இரும்புக் கேட்டைத் திறந்த இரண்டு புத்தகங்கள்

இது நடந்தது போன வருடத்துக்கு முந்தின வருடம், தை மாதத்தில். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குப் போகிற ரோட்டில், மலை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் பிரிந்து போனால் எங்கள் ஊர் வரும். நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவள். போடியில் ஒரு கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறேன். பெரிய காய், பச்சைக் காய், வெடித்த காய் என்று தனித்தனியாகப் பொறுக்கிப் போட வேண்டும். வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். காலையில் தோட்ட வேலைக்குப் போகிறவர்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் கீழே கொண்டு வந்து விடுவார்.

எங்கள் ஊருக்கு நேர் மேலே, மலைச்சரிவில், எங்கள் அம்மன் இருக்கிறாள். கோபுரம், மண்டபம் எதுவும் கிடையாது. ஒரு பெரிய பாறை, அதன் மடியில் சூலம், மேலே தகரக் கூரை, அவ்வளவுதான். பக்கத்தில் ஓடை. தை கடைசி வெள்ளியன்று கீழேயிருந்து நாங்கள் ஏறிப் போவோம். மேலே தோட்டங்களில் குடியிருக்கிற சனம் இறங்கி வரும். பொண்ணு கொடுத்து பொண்ணு எடுத்தவர்கள்தான் எல்லாரும். வருடத்தில் அந்த ஒரு நாள் ஒரே ஓடைக்கரையில் பொங்கல் வைத்து, ஒரே பந்தியில் சாப்பிட்டுவிட்டு, அவரவர் பக்கம் போய்விடுவோம்.

அந்த வருடம் எனக்கு அது சாதாரணத் திருவிழா இல்லை. ஐப்பசி மழையில் ஒருநாள், ஒரு கொண்டை ஊசி வளைவில் என் வீட்டுக்காரரின் ஜீப் வழுக்கி, பள்ளத்துப் பக்கம் திரும்பிவிட்டது. பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில். முன்னால் இருந்த ஒரு பாறையில் வண்டி முட்டி நின்றிருக்கிறது. உள்ளே இருந்த ஒருவருக்கும் சிராய்ப்புக்கு மேல் எதுவும் இல்லை. செய்தி கேட்டதும் நான் நின்ற இடத்திலேயே மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, ‘ஆத்தா, இந்தத் தைக்கு உன் பாதையிலேயே தலையில் பானை சுமந்து வந்து பொங்கல் வைக்கிறேன்’ என்று நேர்ந்துகொண்டேன்.

அந்தப் பாதையில்தான் வில்லங்கம் வந்தது.

அம்மனுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை பாதித் தூரத்தில் ஒரு தோட்டத்துக்குள் நுழைந்துதான் வெளியே வரும். காப்பியும் ஏலமும் கலந்த தோட்டம். பழைய முதலாளி ஒன்றும் சொன்னதில்லை. அவர் விற்றுவிட்டுப் போன பிறகு, கேரளப் பக்கத்திலிருந்து ஒரு இளவயசு முதலாளி வந்தார். வந்த ஆறு மாதத்துக்குள் சுற்றிலும் முள்கம்பி. மார்கழியில் பாதை நுழைகிற இடத்தில் இரும்புக் கேட்டு, பூட்டு. உள்ளே ஆளை விடக்கூடாது என்று காவல்காரருக்கு உத்தரவு.

எங்கள் கோயில் கமிட்டித் தலைவர் எனக்குச் சித்தப்பா முறை. அடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர். நல்ல மனுஷர். ஆனால் வாயைத் திறந்தால் அடுத்த ஊருக்குக் கேட்கும். அவர் ஆட்களோடு மேலே போய், தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்று, “எங்க முப்பாட்டன் நடந்த பாதைய்யா இது! பூட்டுப் போட நீ யாரு?” என்று கத்தியிருக்கிறார். அந்த முதலாளி, “ஆதாரம் உண்டோ?” என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாராம். மறுநாள் கேட்டில் இன்னொரு பூட்டு தொங்கியது.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். பூட்டை உடைப்போம் என்றார்கள் பாதிப்பேர். மெட்டு ரோட்டை மறிப்போம் என்றார்கள் மீதிப்பேர். பூட்டை உடைத்தால் கேஸ் வரும். நாலு பேரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். சண்டை போட்டு, ரத்தம் பார்த்துத் திறந்த வழியில் பானையைச் சுமந்து போய் நான் எப்படிப் பொங்கல் வைப்பேன்? வைக்காமல் விட்டாலும் எப்படி இருப்பேன்? வீட்டுக்காரரைத் திருப்பிக் கொடுத்தவளுக்குச் சொன்ன சொல் அது.

நான் பொதுவாகப் போடி நூலகத்தில் ஸ்தல புராணம், அம்மன் கதை என்றுதான் எடுத்துப் படிப்பேன். அன்றைக்கு நூலகத்து அம்மாவிடம், “நம்ம மலைக்கோயிலைப் பத்தி எதுவும் புஸ்தகம் இருக்குமாம்மா?” என்று கேட்டேன். விஷயத்தையும் சொன்னேன். அவர் உள்ளே போய் முதுகு பிய்ந்த ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்து வந்தார். இந்த எல்லை மலைகளின் வரலாறு. எந்தக் கணவாய் வழியாக யார் போனார்கள், எங்கே சுங்கச் சாவடி இருந்தது, கீழேயிருந்து அரிசியும் உப்பும் எப்படி ஏறின, மேலேயிருந்து ஏலமும் மிளகும் எப்படி இறங்கின என்று நம் பக்கத்துக்காரர் ஒருவர் மலை மலையாக நடந்து எழுதியது. அதை என் கையில் கொடுத்தவர், கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றையும் எடுத்து மேலே வைத்தார்.

“பேசத்தானே போறீங்க? இதையும் ஒரு பார்வை பாருங்க.”

அது பேச்சைப் பற்றிய தத்துவ நூல். நான் ஏதோ மேடையில் எப்படி நிற்பது, கையை எப்படி ஆட்டுவது என்று சொல்லித் தரும் என்று நினைத்தேன். அப்படி ஒரு வரிகூட அதில் இல்லை. பேச்சு என்றால் என்ன, ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு ஏன் வேறாகப் போய்ச் சேருகிறது என்று பக்கம் பக்கமாக விசாரணை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஏலக்காய் மூட்டையில் சாய்ந்துகொண்டு படிப்பேன். பாதி புரியவில்லை. கூட வேலை செய்யும் என் மதினி, வீட்டுக்காரரின் அண்ணன் சம்சாரம், சும்மா இருப்பாளா?

“என்னடி, எம்.எல்.ஏ.வுக்கு நிக்கப் போறியா? எங்க வீட்டு ஓட்டு உனக்குத்தான், பயப்படாதே” என்பாள்.

புரிந்த பாதியில் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. தலைச்சுமையை ஒருத்தியாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள முடியாது அல்லவா? எதிரே ஒரு ஆள் நின்று தூக்கிவிட வேண்டும், சுமக்கிறவளும் கொஞ்சம் குனிந்து கொடுக்க வேண்டும். பேச்சும் அப்படித்தான் என்று நான் விளங்கிக்கொண்டேன். கேட்கிறவர் எந்த உயரத்தில் நிற்கிறார் என்று பார்க்காமல் தூக்கி வீசினால் சுமை அவர் மூஞ்சியில்தான் விழும். நாம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்போம். அவர் மனசில் வேறு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும். சண்டை முக்கால்வாசி அங்கேதான்.

இது சரிதானா என்று வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். வண்டி வழுக்கினதிலிருந்து தினமும் வீட்டுக்காரரை, “பிரேக்கைப் பாத்தீகளா, பிரேக்கைப் பாத்தீகளா” என்று அரித்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கோபம்தான் வரும். அன்றைக்கு யோசித்தேன், இவர் காதில் இது எப்படி விழும்? ‘உனக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை’ என்றுதானே? சாப்பாடு போட்டபடியே சொன்னேன்: “நீங்க நல்லாத்தான் ஓட்டுறீக. ஆனா எதுத்தாப்புல வர்றவன் தப்புக்கும் சேத்து நம்ம பிரேக்குதானே புடிக்கணும்?” சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தவர் நேராகப் போடிக்கு வண்டியை விட்டார், மெக்கானிக் கடைக்கு. நான் அந்தப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

வரலாற்றுப் புத்தகத்தில் எங்கள் பாதை வந்த இடத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்கு ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அம்மனைக் கும்பிட்டுவிட்டு இறங்கும்போது, தோட்டத்துக்குள் பாதையோரமாக ஒரு சுமைதாங்கி இருக்கிறது. இரண்டு கல்லை நிறுத்தி, மார் உயரத்தில் குறுக்கே ஒரு கல் படுக்கப் போட்டிருப்பார்கள். சுமந்து வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைக்க. திருவிழாவன்று நாங்கள் எல்லாரும் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று, மலைப் பக்கம் திரும்பி, பெண்கள் முந்தானையையும் ஆண்கள் துண்டையும் வேட்டி மடியையும் உதறுவோம். பீடையை எல்லாம் மலையிலேயே உதறிவிட்டு வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொள்வோம். காரணம் அதுதான் என்று நான் கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து நம்பியிருந்தேன்.

புத்தகம் வேறு காரணம் சொன்னது. ஏலக்காய்க்குக் கடுமையான காவல் இருந்த காலத்தில், மலையிலிருந்து இறங்குகிற எவர் மடியில் ஒரு காய் இருந்தாலும் களவு என்று பிடித்துவிடுவார்களாம். அதனால் சுமைக்காரர்கள் அந்தக் கல்லில் சுமையை வைத்துவிட்டு, அம்மன் சாட்சியாக மடியை உதறிக் காட்டுவார்கள். அதோடு நிற்கவில்லை. எதிரே நிற்கிற, கூலி கொடுக்கிற மேஸ்திரியும் தன் மடியை உதற வேண்டும், சுமைக்காரன் கூலியில் தானும் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை என்று. இரண்டு பக்கமும் அவளுக்கு முன்னால் ஒன்றுதான். புத்தகத்தை எழுதியவர் இதைக் கேள்விப்பட்டதாகத்தான் எழுதியிருந்தார்; எழுத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் நேர்மையாகச் சொல்லியிருந்தார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, “ஒரு தடவை நான் பேசிப் பாக்குறேன்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. யாரோ சிரித்தார்கள். சித்தப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நான் போயே ஒண்ணும் நடக்கல. நீ போயி என்னத்தா பேசப்போற?”

“நடக்கலைன்னா பூட்டு அங்கனதானே தொங்கப் போகுது சித்தப்பா? எங்க போயிரப் போகுது?” என்றேன்.

மதினிதான் எனக்குக் கை கொடுத்தாள். “நானும் கூடப் போறேன். ரெண்டு பொம்பளை போனா அடிக்கவா போறாரு?” சித்தப்பா தானும் வருவதாகச் சொன்னார். வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்காரர் ஜீப்பில் மெட்டு ரோட்டைச் சுற்றிக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். வழியெல்லாம் அவர் என்னைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். “பேசும்போது நடுவுல தண்ணி கேளு. பெரிய பேச்சாளர்லாம் அப்படித்தான்.”

முதலாளிக்கு முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். சித்தப்பாவைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும் வராந்தாவில் நாற்காலி போட்டு, பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார். நான் புத்தகத்தைத் திறந்து, எங்கள் பாதையைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தைப் படித்தேன். வரி தப்பித் தப்பிப் போனது. அவர் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் சிரித்தார்.

“சேச்சி, புஸ்தகம் ஆரு வேணுமானாலும் எழுதலாமே. ஞான் ஒண்ணு எழுதினா எனக்குப் போடி டவுனைத் தருவாங்களோ?”

மதினிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சித்தப்பா நாற்காலியில் நெளிந்தார். என் கையில் இருந்த ஒரே ஆயுதம் அது. அதைக் கண்ணெதிரே மழுக்கிவிட்டார். இத்தனை பேரைத் தடுத்து நிறுத்திவிட்டு, நாளைக்கு என்ன முகத்தோடு ஊருக்குள் போவேன்? தை கடைசி வெள்ளிக்குப் பானையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அப்போதுதான் மனசில் தட்டியது. அவர் ஆதாரம் கேட்டார், நானும் ஆதாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் ஆதாரம் கிடைக்காததாலா இந்த மனுஷர் பூட்டுப் போட்டார்? அவர் மனசில் ஓடுகிற கேள்வி வேறு எதுவோ. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா தாயே என்று ஒரு தடவை நினைத்துக்கொண்டு கேட்டேன்.

“அது கெடக்கட்டும் முதலாளி. நாங்க அந்த ஒரு நாள் உள்ள வந்தா உங்களுக்கு என்ன கெட்டுப் போயிரும்னு நெனைக்கிறீக? அதை மட்டும் சொல்லுங்க. கேட்டுக்கிட்டுப் போறோம்.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. “கெட்டுப் போறதுக்கு ஒண்ணும் இல்ல” என்றார். நான் அவசரப்படாமல் சாயாவைக் குடித்தேன். டம்ளர் காலியாவதற்குள் அவராகவே ஆரம்பித்தார்.

“போன கொல்லம், அதான் போன வருஷம், ராத்திரியோட ராத்திரியா ஆள் கேறி மோஷ்டிச்சு, களவு! காயை மட்டும் பறிச்சிருந்தா போகட்டும். சரத்தோட பிடுங்கிப் போயி. செடியே போச்சு சேச்சி. அடுத்த தோட்டத்துல ஆரோ கஞ்சி வெச்ச தீ பரவி ஒரு சரிவு முழுசும் கரிஞ்சுபோச்சு. என்றெ அப்பச்சன் ஆயுசு முழுசும் பாடுபட்டுச் சேர்த்த காசு இந்த மண்ணுல கிடக்குது. இத்தனை ஆள் உள்ள வந்து அடுப்பு மூட்டினா, எனக்குப் பேடி ஆகாதோ?”

பேடி என்றால் அவர்கள் பாஷையில் பயம்; அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை, தோட்டத்தைப் பார்த்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. ஏலச்செடியின் அடியில் தரையோடு தரையாகப் படர்கிற சரத்தில்தான் காய் பிடிக்கும். அதைப் பிடுங்குவது கன்றோடு பசுவைக் கொல்வது மாதிரி. அந்தக் காயைத் தினமும் விரலால் தொடுகிறவள் நான். எனக்கே நெஞ்சு பதறியது. சத்தியத்தை மறந்துவிட்டுச் சித்தப்பா வாயைத் திறந்தார். ஆனால் அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

“சரத்தோடவா புடுங்குனாங்கெ? அடப் பாவிகளா! என் தோப்புல போன வருஷம் ஆனை வந்து மூணு மரத்தைச் சாச்சிருச்சு. ரெண்டு நாள் சோறு எறங்கலய்யா எனக்கு.”

முதலாளி அவரைத் திரும்பிப் பார்த்தார். முதல்முறையாக, சண்டைக்காரரைப் பார்க்கிற மாதிரி இல்லாமல்.

அதுதான் நேரம் என்று எனக்குத் தோன்றியது. சுமைதாங்கியில் நாங்கள் உதறுகிற வழக்கத்தைச் சொன்னேன். புத்தகம் சொல்கிற காரணத்தையும் சொன்னேன். “இந்த வருஷமும் நாங்க உதறிட்டுத்தான் எறங்குவோம். நீங்களும் வந்து அங்கன நில்லுங்க” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார்.

“ஏத்தா! என்ன பேசுற நீயி? நம்ம வீட்டுப் பொம்பளைக இவருக்கு முந்தானையை உதறிக் காட்டணுமா? நாம என்ன களவாணிகளா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே சொல் ஒருவருக்குத் தைரியமாகவும் இன்னொருவருக்கு அவமானமாகவும் போய்ச் சேர்கிறதே! இரண்டு பேரும் இரண்டு உயரத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேர் தலையிலும் ஏறுகிற மாதிரி ஒரே சுமையை எப்படித் தூக்குவது? நானும் எழுந்து நின்றேன். பேச்சு எங்கிருந்து வந்ததோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“சித்தப்பா, வருஷா வருஷம் யாருக்கு உதறுறோம்? நின்னு பாக்குற ஆளுக்கா? அம்மனுக்குத்தானே? இந்த வருஷமும் அவளுக்குத்தான். வேற யாருக்கும் இல்ல. களவாணிதான் உதறப் பயப்படணும், நமக்கு என்ன?” என்று சொல்லிவிட்டு, முதலாளி பக்கம் திரும்பினேன். “ஆனா ஒண்ணு. எதுத்தாப்புல நின்ன மேஸ்திரியும் உதறணும்ங்கறதுதான் வழக்கமாம். அதனால நீங்க சும்மா நின்னு பாக்க முடியாது. நீங்களும் எங்களோட மடியை உதறணும். அங்கன யாரும் யாரையும் சோதிக்கல. எல்லாரையும் அவ பாக்குறா, அம்புட்டுத்தான்.”

“ஞானோ?” என்றார் அவர். “சேச்சி, ஞான் சர்ச்சுக்குப் போற ஆளு.”

“போனா என்ன? மடி எல்லாருக்கும் ஒண்ணுதானே? உங்க சாமியை நெனச்சுக்கிட்டே உதறுங்க.”

அவர் தாடையைத் தடவினார். “இந்த மேஸ்திரி கதை உள்ளதுதானோ?” என்று கேட்டார்.

ஆமாம் என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மன் பெயரைச் சொல்லிவிட்டு எப்படிச் சொல்வது? “எழுதுனவரே கேள்விப்பட்டதாத்தான் எழுதியிருக்காரு. அதுக்கு என்கிட்ட ஆதாரம் இல்ல. ஆனா நாங்க உதறுறது நெசம். நானே உதறியிருக்கேன்” என்றேன்.

எனக்கு என்னவோ, அந்தப் பதில்தான் அவரை அசைத்தது என்று தோன்றுகிறது. உண்மையிலேயே அவர் முகம் இளகிவிட்டது. “அப்போ தீ?” என்றார் மெல்ல. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் சித்தப்பாவே சொன்னார்: “ஓடைக்கரையைத் தாண்டி ஒரு அடுப்பு எரியாது. முந்தின நாளே எங்க பயலுகளைக் கூட்டியாந்து சுத்திக் காஞ்ச புல்லு அம்புட்டையும் செதுக்கித் தர்றேன். நானே நிக்கிறேன். போதுமா மாப்ளே?”

மாப்ளே! பத்து நாளைக்கு முன்னால் சண்டை போட்ட ஆள்! மதினி என் இடுப்பில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் வலித்தது.

தை கடைசி வெள்ளி அன்று விடிந்ததும் தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை உடுத்தி, புதுப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். கொட்டுச் சத்தத்தோடு ஊரே பின்னால் வந்தது. வளைவு திரும்பியதும் கேட்டு தெரிந்தது. இரண்டு கதவும் விரியத் திறந்து கிடந்தன. யார் சொல்லியோ தெரியவில்லை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு குலவை போட்டார்கள் பாருங்கள், மலை அதைத் திருப்பிச் சொன்னது. தலையில் பானை இருந்ததால் என்னால் கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை.

மேலேயிருந்து தோட்டத்துச் சனம் எங்களுக்கு முன்பே வந்திருந்தது. என் பானை கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. என் வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்தில் அத்தனை பேருக்கும் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். எப்போதும் கேலி பேசுகிற மனுஷர், நெற்றியில் ஒட்டின மண்ணைத் துடைக்காமலே நின்றார். சித்தப்பா சொன்னபடி ஒரு அடுப்புக்கு இரண்டு குடம் தண்ணீர் என்று வைத்து, கடைசிக் கங்கும் அணையும்வரை குச்சியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

இறங்கும்போது சுமைதாங்கிக்கு அருகில் முதலாளி வெள்ளை வேட்டியோடு காத்திருந்தார். நான்தான் முதலில் போய் நின்றேன். மலையைப் பார்த்து முந்தானையை விரித்து உதறினேன். அடுத்து மதினி. அடுத்து சித்தப்பா, துண்டையும் மடியையும் நன்றாகச் சத்தம் வர உதறினார். வரிசையாக எல்லாரும் உதறினார்கள். யார் தலையும் குனியவில்லை. கடைசியில் எல்லார் கண்ணும் அவர் பக்கம் திரும்பியது. அவர் கண்ணை மூடி, நெஞ்சில் சிலுவைக் குறி இட்டுக்கொண்டு, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு ஒரு உதறு உதறினார்.

பொலபொலவென்று நாலைந்து ஏலக்காய் கீழே விழுந்தன!

முதலில் எழுந்தது மதினியின் குரல்: “ஏ, களவாணி மாட்டிக்கிட்டாருடி! விடாதீக, புடிங்க!”

அவ்வளவுதான். மலையே சிரித்த மாதிரி ஒரு சிரிப்பு. முதலாளிக்குக் காது வரைக்கும் சிவந்துபோனது. “சிகரெட்டு விட்டதுக்குப் பின்ன வாயில போடுறதுக்கு வெச்சது!” என்று அவர் கையை ஆட்டிச் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அவரும் சிரிக்க ஆரம்பித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சித்தப்பா இரண்டு கையையும் தூக்கி, “விடுங்கப்பா, விடுங்க. அவரு காயை அவரே களவாண்டிருக்காரு. இதுக்குப் பஞ்சாயத்துக் கெடையாது!” என்று தீர்ப்புச் சொன்னார். விழுந்த காயைப் பொறுக்கி, மதினி அங்கேயே கல்லில் தட்டி, நாங்கள் கொண்டு வந்திருந்த பானக்கக் குடத்தில் போட்டாள். கீழ்ச்சனமும் மேல்சனமும் முதலாளியும் ஒரே குடத்திலிருந்து ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம். அவர் என்னிடம் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, “அடுத்த கொல்லமும் வரணும் சேச்சி” என்றார். “வராம இருப்போமா தம்பி” என்று சொல்லிவிட்டேன். முதலாளி என்று கூப்பிட எனக்கு அப்புறம் வாய் வரவே இல்லை.

அடுத்த தையிலும் கேட்டு திறந்தது. மற்ற நாளில் பூட்டித்தான் இருக்கும். இருக்கட்டும், அவர் செடிக்கு அது வேண்டும். இப்போது ஊரில் ஏதாவது சிக்கல் என்றால் கமிட்டியில் எனக்கும் ஒரு நாற்காலி போடுகிறார்கள். நான் பெரிய பேச்சுக்காரி ஆகிவிடவில்லை. பேச எழுந்தால் இன்னமும் என் குரல் எனக்கே கேட்பதில்லை. அந்த இரண்டு புத்தகத்தில் ஒன்று நாங்கள் நடந்த பாதையைக் காட்டியது, இன்னொன்று எதிரே நிற்கிற மனுஷரிடம் போய்ச் சேருகிற பாதையைக் காட்டியது. இரண்டையும் என் கைக்கு வரவைத்தவள் அந்த ஆத்தாதான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவள் முன்னால் நிற்கும்போதெல்லாம் இப்போது நான் முதலில் வேண்டுவது ஒரு நல்ல காதைத்தான். அதைக் கொடுத்துவிட்டால் வார்த்தை பின்னாலேயே வந்துவிடும் என்று அந்த வராந்தாவில் எனக்கு அவள் காட்டிவிட்டாள்.